பிரீமாண்ட், கலிபோர்னியா

பிரீமாண்ட் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், அலமேடா கவுண்டியில் அமைந்துள்ள ஒரு நகரம் ஆகும். இது சான் பிரான்சிசுகோ விரிகுடாவின் தென்கிழக்குக் கரையில், ஓக்லாந்து நகருக்கும் சான் ஹொசே நகருக்கும் இடையே உள்ளது. 2020 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 230,504 பேர் வாழ்ந்தனர். விரிகுடாப் பகுதியில் சான் ஹொசே, சான் பிரான்சிசுகோ, ஓக்லாந்து ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெரிய நகரம் இதுவாகும்.

1956 ஆம் ஆண்டு சனவரி 23 அன்று சென்டர்வில், இர்விங்டன், மிசன் சான் ஹொசே, நைல்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்து ஊர்கள் இணைந்து இந்நகரம் உருவானது. இந்த ஐந்து ஊர்களின் பெயர்களும் வட்டாரப் பெயர்களாக இன்றும் வழங்குகின்றன. இதனால், பரப்பிலும் மக்கள் தொகையிலும் பெருநகரத்துக்கு உரிய அளவைப் பெற்றிருந்தும், பிரீமாண்ட் தெளிவான நகர மையம் இல்லாத புறநகராகவே நெடுங்காலம் இருந்து வந்தது.

பெயர்

நாடாய்வாளரும் படை அதிகாரியுமான ஜான் சார்லஸ் பிரீமாண்ட் (1813–1890) என்பவரின் பெயர் நகருக்குச் சூட்டப்பட்டது. இவர் 1840களில் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளில் பல ஆய்வுப் பயணங்களை நடத்தியவர். 1856 இல் குடியரசுக் கட்சியின் முதல் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டுத் தோல்வியுற்றார். உள்நாட்டுப் போரின்போது 1861 இல், மிசூரி மாநிலக் கிளர்ச்சியாளர்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்து ஆணையிட்டார். அதிபர் லிங்கன் அவ்வாணையை மாற்றியமைத்தார். மறுபுறம், 1846 இல் சேக்ரமெண்டோ ஆற்றங்கரையில் பழங்குடியினர் பலரைக் கொன்ற தாக்குதலை நடத்தியது இவருடைய படைக்குழுவே ஆகும். எனவே இவரைப் பற்றிய வரலாற்று மதிப்பீடுகள் முரண்பட்டவையாக உள்ளன.

புவியியல்

நகரின் நிலப்பரப்பு சுமார் 200 சதுர கிலோமீட்டர் ஆகும். மேற்கே விரிகுடாவின் சதுப்பு நிலங்களும் உப்பளங்களும், கிழக்கே டையாப்லோ மலைத்தொடரின் குன்றுகளும், இவற்றுக்கு இடையே வண்டல் சமவெளியும் உள்ளன. சுமார் 767 மீட்டர் உயரமுள்ள மிசன் சிகரம் நகரின் அடையாளமாகக் கருதப்படுகிறது. குன்றுகள் மாரிக்காலத்தில் பச்சையாகவும் கோடையில் பொன்னிறமாகவும் காணப்படும். மழை பெரும்பாலும் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்கிறது. கோடையில் மழை மிக அரிது.

அலமேடா ஓடை நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாகச் சமவெளியை அடைந்து விரிகுடாவில் கலக்கிறது. இவ்வோடை கொண்டுவந்து சேர்த்த சரளைப் படுகையே இப்பகுதியின் நிலத்தடி நீர்த் தேக்கமாகும். இந்நீரைப் பாதுகாக்கும் பொருட்டு 1914 இல் அலமேடா கவுண்டி நீர் மாவட்டம் அமைக்கப்பட்டது. பின்னாளில், நீர் மிகுதியாக இறைக்கப்பட்டதால் விரிகுடாவின் உப்புநீர் கிணறுகளில் புகுந்தது. சரளை தோண்டிய பழைய குழிகள் இன்று குவாரி ஏரிகள் என்னும் பூங்காவாக உள்ளன. அவை நிலத்தடிக்கு நீரூட்டவும் பயன்படுகின்றன.

இர்விங்டன் வட்டாரத்தில் இருந்த சரளைக் குழிகளில் 1940களில் தொல்லியானை முதலிய பல விலங்குகளின் புதைபடிவங்கள் கண்டெடுக்கப்பட்டன. இதனால் வட அமெரிக்கப் பாலூட்டிகளின் புவியியல் காலப்பிரிவுகளுள் ஒன்றுக்கு இர்விங்டோனியன் காலம் என இவ்வூரின் பெயர் இடப்பட்டுள்ளது.

ஹேவர்ட் நிலப்பிளவு

நிலநடுக்கங்களை உண்டாக்கும் ஹேவர்ட் நிலப்பிளவு நகரின் ஊடே செல்கிறது. 1868 அக்டோபர் 21 அன்று இப்பிளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் 6.8 அளவுடையதாக மதிப்பிடப்படுகிறது. இதில் விரிகுடாப் பகுதியில் சுமார் 30 பேர் உயிரிழந்தனர். மிசன் சான் ஹொசேயின் மண்கல் தேவாலயம் இடிந்து விழுந்தது. 1906 ஆம் ஆண்டின் சான் பிரான்சிசுகோ நிலநடுக்கம் வரும்வரை, 'பெரும் நிலநடுக்கம்' என மக்கள் குறிப்பிட்டது 1868 ஆம் ஆண்டு நிகழ்வையே ஆகும்.

பிரீமாண்ட் தொடருந்து நிலையத்தின் அருகிலுள்ள ஒரு குளத்தின் படுகையில் நிலவியலாளர்கள் அகழிகள் தோண்டி மண் அடுக்குகளை ஆராய்ந்தனர். கடைசி ஐந்து பெரிய நிலநடுக்கங்கள் சராசரியாக 140 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்துள்ளன என்று இவ்வாய்வு காட்டியது. 1868க்குப் பின் 150 ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டதால், அடுத்த நிலநடுக்கம் எப்போது வேண்டுமானாலும் நேரலாம் எனக் கருதப்படுகிறது. பெரிய அதிர்வுகள் இல்லாத காலத்திலும் பிளவின் இருபுறமும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் நகர்கின்றன. இதனால் சாலை விளிம்புகளும் நடைபாதைகளும் சில இடங்களில் வளைந்தும் விலகியும் காணப்படுகின்றன.

வரலாறு

பழங்குடியினர்

ஐரோப்பியர் வருகைக்கு முன் இப்பகுதியில் ஓலோனி மக்கள் வாழ்ந்தனர். இவர்களின் மொழி சோசென்யோ ஆகும். கயோட்டி குன்றுகளில் உள்ள கிளிஞ்சல் மேடுகள், 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக இங்கு குடியிருப்பு இருந்ததைக் காட்டுகின்றன. விரிகுடாவின் சிப்பிகள், மீன், நீர்ப்பறவைகள், கருவாலிக் கொட்டையின் மாவு ஆகியவை இவர்களின் முதன்மை உணவுகளாக இருந்தன.

மிசன் காலம்

1797 சூன் 11 அன்று, பிரான்சிசுகன் சபையைச் சேர்ந்த பெர்மின் லாசுவென் மிசன் சான் ஹொசே என்னும் மறைப்பணி நிலையத்தை நிறுவினார். கலிபோர்னியாவில் எசுப்பானியர் நிறுவிய 21 மிசன்களில் இது பதினான்காவது ஆகும். ஓலோனி மக்களுடன், கிழக்கே உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த யோகுட்ஸ் முதலிய இனத்தவரும் இங்கு கொண்டுவரப்பட்டுத் திருமுழுக்குப் பெற்றனர். 1830களின் தொடக்கத்தில் சுமார் 1,800 பழங்குடியினர் இங்கு இருந்தனர். கோதுமை வேளாண்மையும் கால்நடை வளர்ப்பும் இவர்களின் உழைப்பினால் நடைபெற்றன. திருமுழுக்குப் பெற்றவர் அனுமதியின்றி வெளியேற முடியாது. வெளியேறியோரைப் படைவீரர்கள் தேடிப் பிடித்து வந்தனர். தட்டம்மை போன்ற புதிய நோய்களால் பெரும் எண்ணிக்கையில் மக்கள் மாண்டனர். மிசனின் அருகிலுள்ள ஓலோனி இடுகாட்டில் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளனர்.

நார்சிசோ துரான் என்னும் பாதிரியார் பழங்குடியினரைக் கொண்டு அமைத்த பாடகர் குழுவும் இசைக்குழுவும் அக்காலத்தில் புகழ்பெற்றிருந்தன. இதே மிசனில் வாழ்ந்து, பழங்குடியினரின் தலைவராக அமர்த்தப்பட்ட எஸ்தானிஸ்லாவோ என்னும் யோகுட்ஸ் இனத்தவர் 1828 இல் தம் மக்களுடன் வெளியேறினார். 1829 இல் மெக்சிகப் படைகளை எதிர்த்துப் போரிட்ட இவர், பின்னர் மிசனுக்குத் திரும்பி, துரானின் பரிந்துரையால் மன்னிப்புப் பெற்றார். கலிபோர்னியாவின் ஸ்டானிஸ்லாஸ் ஆறும் ஸ்டானிஸ்லாஸ் கவுண்டியும் இவர் பெயரால் அமைந்தவை.

1830களில் மெக்சிக அரசு மிசன்களைச் சமயக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. நிலங்கள் பழங்குடியினருக்குச் சேரவேண்டும் என்பது சட்டத்தின் நோக்கமாயினும், அவற்றுள் பெரும்பகுதி செல்வாக்குள்ள குடும்பங்களுக்குப் பண்ணை மானியங்களாகச் சென்றது. மிசன் மக்களின் வழிவந்தோராகிய முவெக்மா ஓலோனி குழுவினர், நடுவண் அரசின் ஏற்பைப் பெற நீண்ட காலமாக முயன்று வருகின்றனர்.

பண்ணைகளும் தொடர்வண்டியும்

1848 இல் தொடங்கிய தங்க வேட்டையின்போது, சுரங்கங்களுக்குச் செல்வோர் மிசன் சான் ஹொசேயில் பொருட்களை வாங்கிச் சென்றனர். தங்கம் தேடி வந்த பலர் பின்னர் இங்கேயே உழவர்களாயினர். அவர்களுள் ஒருவரான ஜார்ஜ் பேட்டர்சனின் பண்ணை, இன்று ஆர்டன்வுட் வரலாற்றுப் பண்ணை என்னும் பெயரில் காட்சிப் பண்ணையாக உள்ளது. கோதுமை, பழத் தோட்டங்கள், காய்கறிகள் ஆகியவற்றுடன், விரிகுடாக் கரையில் உப்பு விளைவித்தலும் முக்கியத் தொழிலாக இருந்தது. போர்த்துகலின் அசோர்ஸ் தீவினர், சீனர், சப்பானியர், மெக்சிகர் எனப் பலரும் பண்ணைகளில் உழைத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 இல் விரிகுடாப் பகுதியின் சப்பானிய அமெரிக்கர்கள் வெளியேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் முதலில் டான்போரான் குதிரைப் பந்தயத் திடலிலும், பின்னர் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமிலும் அடைக்கப்பட்டனர்.

1869 இல் கண்டம் கடந்த தொடர்வண்டிப் பாதையை விரிகுடாவுடன் இணைத்த பகுதி நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாக அமைக்கப்பட்டது. தொடர்வண்டி நிறுவனத்தின் வழக்கறிஞரும் பின்னாளில் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியுமான அடிசன் நைல்ஸின் பெயர் ஊருக்கு இடப்பட்டது. 1876 இல் சதுப்பு நிலத்தின் நடுவே மற்றொரு பாதை அமைக்கப்பட்டபோது டிராபிரிட்ஜ் என்னும் சிற்றூர் தோன்றியது. வாத்து வேட்டைக்கு வருவோரால் வளர்ந்த இவ்வூரைக் கடைசிக் குடியிருப்பாளர் 1979 இல் விட்டு நீங்கினார். நகர எல்லைக்குள் உள்ள இப்பாழூரின் வீடுகள் சேற்றில் சிறிது சிறிதாக அமிழ்ந்து வருகின்றன.

ஊமைப் படங்களின் காலம்

எஸ்ஸனே என்னும் திரைப்பட நிறுவனம் 1912 இல் நைல்ஸுக்கு வந்தது. அதன் பங்குதாரரும் 'பிராங்கோ பில்லி' என்னும் பாத்திரத்தால் புகழ்பெற்றவருமான கில்பர்ட் ஆண்டர்சன், பள்ளத்தாக்கையும் குன்றுகளையும் பின்னணியாகக் கொண்டு குதிரை வீரர் படங்களைப் பெருமளவில் எடுத்தார். 1915 இல் சார்லி சாப்ளின் இங்கு தங்கிச் சில படங்களில் நடித்தார். அவற்றுள் 'தி டிராம்ப்' குறிப்பிடத்தக்கது. 1916 இல் நிறுவனம் நைல்ஸ் படப்பிடிப்பு நிலையத்தை மூடியது. அக்காலத் திரையரங்கக் கட்டிடம் ஒன்றில் இன்று ஊமைப்பட அருங்காட்சியகம் செயல்படுகிறது.

நகரம் உருவாதல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரிகுடாப் பகுதியில் வீட்டு மனைகள் வேகமாகப் பெருகின. ஹேவர்ட் போன்ற அண்டை நகரங்கள் சுற்றியுள்ள நிலங்களைத் தம்முடன் இணைத்து வந்தன. தம் ஊர்களின் வளர்ச்சியைத் தாமே திட்டமிட வேண்டும் என்னும் எண்ணமே ஐந்து ஊர்களையும் ஒன்றிணைத்தது. அண்டை ஊரான நியூவார்க் இதில் சேர மறுத்து, 1955 இல் தனி நகரமானது. அதனால் பிரீமாண்ட் நகரால் பெரிதும் சூழப்பட்ட தனி நகராக நியூவார்க் இன்றும் உள்ளது. வடக்கே 1959 இல் யூனியன் சிட்டி உருவானது. இம்மூன்றும் சேர்த்து முந்நகரப் பகுதி எனப்படுகின்றன.

இணைப்பு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான வாலி பாண்ட் முதல் நகரத் தலைவரானார். பழைய ஊர்களுள் எதற்கும் முதன்மை தராமல், அவற்றுக்கு நடுவே புதிய நகர மையத்தை அமைக்கத் திட்டமிடப்பட்டது. அதன் அருகே அமைந்த மையப் பூங்காவின் ஏரிக்கு, பிரீமாண்டின் முதல் உறவு நகரமான தென் ஆத்திரேலியாவின் எலிசபெத் நகரின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் அகன்ற சாலைகளும் வண்டி நிறுத்துமிடங்களும் நிறைந்த வணிக வளாகங்களாகவே அம்மையம் வளர்ந்தது. நடந்து செல்லத்தக்க கடைத்தெருக்களை இன்றும் நைல்ஸ் போன்ற பழைய ஊர்களிலேயே காணமுடிகிறது.

குன்றுகளில் வீடுகள் பெருகுவதைத் தடுக்க, 1981 இலும் 2002 இலும் நகர வாக்காளர்கள் பொது வாக்கெடுப்பின் மூலம் கட்டுப்பாடுகளை நிறைவேற்றினர். கிழக்குக் குன்றுகள் பெரும்பாலும் திறந்த வெளிகளாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

மக்கள் தொகை வளர்ச்சி

1960 – 43,790
1970 – 100,869
1980 – 131,945
1990 – 173,339
2000 – 203,413
2010 – 214,089
2020 – 230,504

மக்கள்

நகரம் உருவானபோது மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர் ஆவர். 1965 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்துக்குப் பின்னும், சிலிக்கான் பள்ளத்தாக்கின் வளர்ச்சியாலும் இந்நிலை மாறியது. 2010 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆசிய மரபினர் பாதிக்குச் சற்று மேலாக இருந்தனர். 2020 இல் அவர்களின் பங்கு 60 விழுக்காட்டைத் தாண்டியது. இவர்களுள் இந்தியரும் சீனரும் மிகுதி. இந்தியருள் பஞ்சாபியர், குசராத்தியர், தெலுங்கர், தமிழர் எனப் பல மொழியினரும் அடங்குவர். சீக்கியரின் குருத்வாரா அமைந்துள்ள சாலைக்கு குருத்வாரா சாலை என்றே பெயர் உள்ளது.

1979 இல் சோவியத் படைகள் ஆப்கானித்தானில் நுழைந்தபின் அங்கிருந்து வந்த அகதிகள் பலர் பிரீமாண்டில் குடியேறினர். அவர்களின் கடைகளும் உணவகங்களும் நிறைந்த சென்டர்வில் பகுதி 'சிறிய காபூல்' என அழைக்கப்படுகிறது. காலித் ஹுசைனி எழுதிய 'தி கைட் ரன்னர்' (2003) என்னும் புதினத்தின் ஒரு பகுதி பிரீமாண்டில் நிகழ்வதாக அமைந்துள்ளது. 2021 ஆகத்தில் காபூல் வீழ்ந்தபின் மீண்டும் புதிய அகதிகள் இங்கு வந்து சேர்ந்தனர்.

1990களில் ஒரு மெதடிஸ்ட் தேவாலயமும் ஒரு பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிலம் வாங்கித் தம் கட்டிடங்களை எழுப்பின. இரண்டுக்கும் பொதுவான தெருவுக்கு அமைதியைக் குறிக்கும் வகையில் 'பீஸ் டெரஸ்' எனப் பெயரிடப்பட்டது.

பொருளாதாரம்

தானுந்துத் தொழிற்சாலை

நகரின் தெற்கே உள்ள தானுந்துத் தொழிற்சாலை மூன்று முறை உருமாறியுள்ளது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் இதை நிறுவியது. தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் இடையே இடைவிடாத பூசல் நிலவியது. முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராதோர் மிகுதியாக இருந்தனர். வண்டிகளின் தரமும் குறைந்திருந்தது. 1982 இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

1984 இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக நம்மி என்னும் நிறுவனத்தின் பெயரில் இதை மீண்டும் திறந்தன. பணிக்கு எடுக்கப்பட்டோருள் பெரும்பான்மையோர் அதே தொழிற்சங்கத்தைச் சேர்ந்த பழைய தொழிலாளரே ஆவர். நூற்றுக்கணக்கானோர் சப்பானுக்கு அனுப்பப்பட்டு டொயோட்டாவின் முறைகளைக் கற்றனர். பழுதைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், தேவையெனில் உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்பது இவற்றுள் ஒன்று. குறுகிய காலத்தில் தரம் உயர்ந்தது. வேலைக்கு வராதோர் எண்ணிக்கை பெரிதும் குறைந்தது. குறை தொழிலாளரிடம் அன்றி, வேலை ஒழுங்கமைக்கப்பட்ட முறையிலேயே இருந்தது என்பதற்குச் சான்றாக மேலாண்மைக் கல்வியில் இந்நிகழ்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது.

2009 இல் திவாலான ஜெனரல் மோட்டார்ஸ் கூட்டிலிருந்து விலகியது. 2010 ஏப்ரல் 1 அன்று உற்பத்தி நின்று, சுமார் 4,700 பேர் வேலையிழந்தனர். அடுத்த மாதமே, மின்தானுந்து நிறுவனமான டெஸ்லா இதனை 42 மில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. 2012 சூனில் இங்கு உருவான முதல் மாடல் எஸ் வண்டிகள் வழங்கப்பட்டன. பின்னர் மாடல் எக்ஸ், மாடல் 3, மாடல் ஒய் ஆகியவையும் இங்கு தயாரிக்கப்பட்டன. டெஸ்லா தன் தலைமையகத்தை 2021 இல் டெக்சாசுக்கு மாற்றியபோதிலும் இத்தொழிற்சாலை தொடர்ந்து இயங்கியது. முன்பிருந்த தொழிற்சங்கம் டெஸ்லாவில் இடம்பெறவில்லை.

பிற தொழில்கள்

ஆப்பிள் நிறுவனம் 1984 முதல் 1992 வரை மக்கின்டோஷ் கணினிகளை பிரீமாண்டில் தயாரித்தது. குறைகடத்திக் கருவிகளைத் தயாரிக்கும் லாம் ரிசர்ச் நிறுவனத்தின் தலைமையகம் இங்கு உள்ளது. சூரிய மின்தகடுகளைத் தயாரித்த சொலின்ட்ரா நிறுவனம், நடுவண் அரசிடம் 535 மில்லியன் டாலர் கடன் உறுதி பெற்று, 2011 இல் திவாலானது. சுமார் 1,100 பேர் பணியிழந்தனர். இது நாடளவில் அரசியல் விவாதமாக மாறியது.

அரசு

பிரீமாண்ட், நகரவை–மேலாளர் முறையில் ஆளப்படுகிறது. நகரத் தலைவரை அனைத்து வாக்காளரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 2018 முதல் அவை உறுப்பினர்கள் தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். 2016 இல் வென்ற லில்லி மெய், இப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணும் முதல் ஆசிய அமெரிக்கரும் ஆவார். 2024 நவம்பர் தேர்தலில், இந்திய மரபினரும் கால்நடை மருத்துவருமான ராஜ் சல்வான் வெற்றி பெற்றார்.

வீட்டு விலை உயர்வும் வீடற்றோர் நிலையும் நகரின் முதன்மைச் சிக்கல்களாக உள்ளன. 2020களில் சராசரி வீட்டு விலை பத்து லட்சம் டாலரை விட மிக அதிகமாக இருந்தது. அதே ஆண்டுகளில் 'அமெரிக்காவின் மிக மகிழ்ச்சியான நகரம்' என ஒரு நிதித் தகவல் தளத்தின் தரவரிசையில் பிரீமாண்ட் பலமுறை முதலிடம் பெற்றது. 2025 பெப்ரவரியில், பொது இடங்களில் கூடாரமிட்டுத் தங்குவதைத் தடைசெய்யும் சட்டத்தை நகரவை இயற்றியது. அவ்வாறு தங்குவோருக்குத் துணைபுரிவதையும் குற்றமாக்கிய சொற்கள் அதில் இருந்தன. உணவும் மருந்தும் வழங்கும் தொண்டர்கள் தண்டிக்கப்படலாம் என எதிர்ப்பு எழுந்ததால், அடுத்த மாதமே அச்சொற்கள் நீக்கப்பட்டன. தடை நீடித்தது.

கல்வி

இங்குள்ள வாஷிங்டன் உயர்நிலைப் பள்ளி 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கப்பட்டது. மிசன் சான் ஹொசே உயர்நிலைப் பள்ளி கல்வித் தரத்தால் அறியப்படுகிறது. நற்பள்ளிகளின் பொருட்டே பல குடும்பங்கள் இந்நகரைத் தேர்ந்தெடுக்கின்றன. பழங்குடியினரின் பெயரைத் தாங்கிய ஓலோனி கல்லூரி, ஈராண்டுப் படிப்புகளை வழங்கும் பொதுக் கல்லூரி ஆகும்.

மாநில அரசின் காதுகேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் 1980 இல் பெர்க்லியிலிருந்து பிரீமாண்டுக்கு மாற்றப்பட்டன. பெர்க்லியின் பழைய வளாகம் நிலநடுக்கத்துக்குப் பாதுகாப்பற்றது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. இதன் விளைவாக, அமெரிக்கச் சைகை மொழி பேசும் பெரிய சமூகம் பிரீமாண்டில் உருவாகியுள்ளது.

போக்குவரத்து

விரிகுடாப் பகுதி விரைவுத் தொடருந்துச் சேவையான பார்ட் 1972 செப்டம்பர் 11 அன்று தொடங்கியபோது, அதன் தென்முனை பிரீமாண்ட் நிலையமாகும். 2017 இல் பாதை வார்ம் ஸ்பிரிங்ஸ் வரையும், 2020 இல் சான் ஹொசேயின் வடபகுதி வரையும் நீட்டிக்கப்பட்டது. சென்டர்வில் நிலையத்தில் வட்டாரத் தொடர்வண்டிகள் நிற்கின்றன. 680, 880 ஆகிய நெடுஞ்சாலைகள் நகர் வழியே செல்கின்றன. டம்பார்டன் பாலம் பிரீமாண்டை விரிகுடாவின் மேற்குக் கரையுடன் இணைக்கிறது. 1927 இல் கட்டப்பட்ட இதன் முதல் பாலமே விரிகுடாவைக் கடந்த முதல் வண்டிப் பாலமாகும். இப்போதைய பாலம் 1982 இல் திறக்கப்பட்டது.

பார்க்கத்தக்க இடங்கள்

மிசன் சான் ஹொசே – நிலநடுக்கத்தில் இடிந்த தேவாலயம் 1982–1985 காலத்தில் பழைய வடிவிலேயே மீண்டும் கட்டப்பட்டது. பழைய குருமார் இல்லத்தின் ஒரு பகுதி அருங்காட்சியகமாக உள்ளது.

டான் எட்வர்ட்ஸ் தேசிய வனவிலங்குப் புகலிடம் – உப்பளங்களும் சதுப்பு நிலங்களும் அடங்கியது. வலசைப் பறவைகளைக் காண ஏற்றது. பழைய உப்பளங்களை மீண்டும் சதுப்பு நிலமாக்கும் பணி நடைபெறுகிறது.

கயோட்டி குன்றுகள் வட்டாரப் பூங்கா – ஓலோனி மக்களின் கிளிஞ்சல் மேடுகளைக் கொண்டது.

நைல்ஸ் பள்ளத்தாக்குத் தொடர்வண்டி – பழைய நீராவிப் பொறிகளால் இழுக்கப்படும் வண்டிகளில் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கலாம்.

மிசன் சிகரம் – நகரிலிருந்து உச்சி வரை நடைபாதை உண்டு. பாதையில் நிழல் குறைவு.

உறவு நகரங்கள்

எலிசபெத் (ஆத்திரேலியா), புக்காயா (சப்பான்), புவெர்ட்டோ பெனாஸ்கோ (மெக்சிகோ), ஓர்த்தா (போர்த்துகல்), லிப்பா (பிலிப்பைன்ஸ்), செய்ப்பூர் (இந்தியா) ஆகியவை பிரீமாண்டின் உறவு நகரங்களாக ஏற்கப்பட்டவை.